கப்பலேறிய கறிவேப்பிலை: தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற ஆய்வுகள்

வெப்பமண்டல நாடுகளின் செடிகொடிகளையும் உயிரினங்களையும், அந்நாடுகளில் வாழும் மக்களின் சமயம், மருத்துவம், மொழி ஆகியவற்றையும் பற்றிய செய்திகள் ஐரோப்பிய அறிவுலகைச் சென்றடைந்த வழிகளுள் பெரும்பாலானவை வணிகக் குழுமங்களின் பணத்தாலும் அதிகாரத்தாலும் அமைந்தவை. மலையாளக் கரையில் டச்சு ஆட்சித் தலைவராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுப்பித்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக அச்சேறிய ‘ஹோர்டஸ் மலபாரிக்கஸ்’ அவ்வகைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடி என்னும் சிறு துறைமுகத்திலிருந்து சென்ற வழியோ வேறு தன்மையது. சமயப் பணிக்காக வந்த சிலரும், அவர்களுக்கு மருத்துவம் பார்க்க வந்த சிலரும், பெரும் பொருளுதவியோ ஆளுநரின் ஆணையோ இல்லாமல், நூறாண்டுகளுக்கும் மேலாகக் கடிதங்களாலும், உலர்த்திய செடிகளும் சாராயத்தில் இட்ட மீன்களும் அடங்கிய பெட்டிகளாலும் நடத்திய பரிமாற்றம் அது. அப்பரிமாற்றத்தில் இயற்கையைப் பற்றிய அறிவு எளிதாகக் கடல் கடந்தது. மக்களைப் பற்றிய அறிவு தடைபட்டுத் தடைபட்டே சென்றது. இவ்விரண்டையும் எடுத்துச் சொல்லிய தமிழரின் பெயர்களோ பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிட்டன. ஹோர்டஸ் மலபாரிக்கஸில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ மருத்துவரும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற கொங்கணி அந்தணர் மூவரும் தம் பெயரால் அளித்த சான்றுரைகள் நூலிலேயே அச்சிடப்பட்டிருப்பதை நினைத்தால், பின்வந்த தரங்கம்பாடி வட்டத்தில் இந்தக் குறை எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி வணிகம் தொடங்கினர். மிளகையும் துணியையும் நம்பி நடந்த அந்த வணிகம் ஆங்கிலேய, டச்சு வணிகங்களின் அளவை ஒருபோதும் எட்டவில்லை. டேனிய மன்னர் நான்காம் பிரெடரிக் தம் ஆட்சிக்குட்பட்ட அவ்வூருக்குச் சமயப் பணியாளரை அனுப்ப விரும்பியபோது, தம் நாட்டில் ஆள் கிடைக்காமல், ஜெர்மனியின் ஹாலே நகரில் ஆகுஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே நடத்திவந்த கல்வி நிலையங்களின் தொடர்பில் வளர்ந்த இருவரைத் தெரிந்தெடுத்தார். பார்த்தலோமேயு சீகன்பால்க், ஹைன்ரிக் புளுட்சோ என்ற அவ்விருவரும் 1705 நவம்பர் இறுதியில் கப்பலேறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினர். ஏழு மாதத்துக்கும் மேற்பட்ட அந்தக் கடற்பயணத்தின் நீளத்தை மனத்தில் இருத்தாமல் பின்வரும் வரலாற்றைப் படிக்க இயலாது. ஐரோப்பாவுக்கு ஒரு வினா எழுதி விடை பெற ஒன்றரை ஆண்டுக்கு மேலும் ஆகலாம். பருவக்காற்று தவறினாலோ போர் மூண்டாலோ விடை வராமலே போகலாம். எனவே தரங்கம்பாடியிலிருந்தவர் உடனடி மறுமொழியை எதிர்பாராமல், தாம் கண்டதை முழுமையாக எழுதி, பொருளையும் உடன் வைத்து அனுப்பும் வழக்கத்தை மேற்கொண்டனர்.

சீகன்பால்க் தமிழ் கற்ற வேகம் வியப்புக்குரியது. மணலில் எழுதிப் பழகும் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து எழுத்தறிந்த அவர், இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் திரட்டி, ஒவ்வொன்றின் பொருளையும் குறித்து, 1708இல் ‘பிப்லியோதெகா மலபாரிக்கா’ என்ற விளக்கப் பட்டியலை எழுதி அனுப்பினார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் ‘மலபார்’ என்ற சொல்லாலேயே குறித்ததால் அப்பெயர் அமைந்தது. அறநூல்கள், இலக்கணம், புராணம், மருத்துவம், கணக்கு, கதைப்பாடல் என்று விரியும் அப்பட்டியல், அச்சு பரவுவதற்கு முன் சோழநாட்டுக் கடற்கரையூர் ஒன்றில் எவ்வெச் சுவடிகள் கைமாறிக்கொண்டிருந்தன என்பதைக் காட்டும் அரிய ஆவணம். புலவர் மரபு போற்றியவற்றோடு அது போற்றாதவற்றையும் சீகன்பால்க் பட்டியலில் சேர்த்திருக்கிறார். இது பற்றின்றித் தொகுத்தவரின் செயல். அதன் மதிப்பு இன்றுதான் முழுமையாக உணரப்படுகிறது.

இதற்குப் பின் அவரும், உடன் பணியாற்ற வந்த யோஹான் எர்ன்ஸ்ட் கிரண்ட்லரும் மேற்கொண்ட முயற்சி இன்னும் துணிவானது. சமயக் கொள்கை, வழிபாடு, திருமணம், கல்வி, நோயும் மருந்தும், கிறித்தவர்களைப் பற்றிய கருத்து முதலானவை குறித்து வினாக்களை எழுதிக் கற்றறிந்த தமிழர் பலருக்கு அனுப்பி, அவர்கள் தமிழில் எழுதிய விடைகளை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினர். 1712 முதல் 1714 வரை எழுதப்பட்ட இவ்வகைக் கடிதங்கள் 99 ‘மலபார்க் கடிதப் போக்குவரத்து’ என்ற தலைப்பில் அச்சாயின. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பொதுவாசகர் ஒருவர், தமிழர் தம் வாழ்வைத் தாமே விளக்குவதை அவர்களது வாதமுறையிலேயே படிக்க முடிந்தது என்பது சிறிய செய்தியன்று. கிறித்தவர்களின் புலாலுணவும் குடியும் தூய்மைக் குறைவும் தங்களுக்கு ஏன் வெறுப்பளிக்கின்றன என்பதைக்கூட அக்கடிதங்கள் தயக்கமின்றி எடுத்துரைக்கின்றன. ஆனால் விடையெழுதியவர் யார் என்பதைப் பெரும்பாலான கடிதங்கள் சொல்வதில்லை. டேனிய வணிகக் குழுமத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து சீகன்பால்க்குக்குத் துணைநின்ற அழகப்பனைப் போன்ற ஓரிருவரை மட்டுமே வரலாறு பெயரோடு அறியும்.

இக்கடிதங்களை வெளியிட்ட ‘ஹாலே அறிக்கைகள்’ 1710 முதல் 1772 வரை தொடர்ந்து வந்த பருவ வெளியீடு. அதன்பின் புதிய வரிசையாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. சமயப் பணிக்கு நன்கொடை அளித்தவர்களின் ஆர்வத்தை நிலைநிறுத்துவதே அதன் முதல் நோக்கம் என்பதால், எதை அச்சிடுவது, எதை நீக்குவது என்பதை ஹாலேயிலிருந்த பதிப்பாளர்களே முடிவு செய்தனர். அம்முடிவுக்கு இரையான நூல்களுள் முதன்மையானது சீகன்பால்க் 1713இல் எழுதி முடித்த ‘மலபார்த் தெய்வங்களின் வமிசாவளி’. பரம்பொருள், மும்மூர்த்திகள், தேவர்கள் ஆகியோரை விளக்குவதோடு நில்லாமல், ஐயனார், எல்லையம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி முதலான ஊர்த்தெய்வங்களுக்குத் தனிப்பகுதி ஒதுக்கி, அவற்றின் கோயிலமைப்பு, பூசகர், பலி, திருவிழா ஆகியவற்றை அந்நூல் விவரிக்கிறது. வடமொழி நூல்கள் பொருட்படுத்தாத, தமிழ்ப் புலவர்களும் பெரிதாக எழுதி வைக்காத கிராம வழிபாட்டைப் பற்றி இத்துணை விரிவான குறிப்பு அக்காலத்திலிருந்து கிடைப்பது அரிது. சமயப் பணியாளர்கள் அனுப்பப்பட்டது புறச்சமயத்தை அகற்றுவதற்கே அன்றி அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்று கருதிய ஃபிராங்கே கையெழுத்துப் படியை அச்சிடாமல் வைத்துவிட்டார். 154 ஆண்டுகளுக்குப் பின், 1867இல், வில்ஹெல்ம் கெர்மன் என்பவர் அதைச் சென்னையில் பதிப்பித்தார். தமிழ் வாகடச் சுவடிகளை, அதாவது நோய்க்குறிகளையும் மருந்து முறைகளையும் தொகுத்துரைக்கும் சுவடிகளை, அடிப்படையாகக் கொண்டு கிரண்ட்லர் 1711இல் எழுதிய தமிழ் மருத்துவ நூலும் கையெழுத்துப் படியாகவே தங்கியது.

ஹாலேயின் முடிவை இன்றைய அளவுகோலால் கடிந்துரைப்பது எளிது. ஆயினும் அச்சிட மறுத்தவற்றை அவர்கள் அழித்துவிடவில்லை என்பதையும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஃபிராங்கே நிலையங்களின் மாடத்தில் அமைந்த அரும்பொருட் கூடம் ஓலைச்சுவடி, சங்கு, சிப்பி, உடை, தெய்வ உருவம் ஆகியவற்றை ஒரே அறையில் அடுத்தடுத்த நிலைப்பேழைகளில் வைத்துக் காத்தது. இயற்கைப் பொருளையும் மனிதர் செய்த பொருளையும் ஒருங்கே திரட்டும் அக்கால வழக்கம் அங்கு இன்றும் கண்கூடாகக் காணக்கிடைக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நிலைமை மாறியது. சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் ஒவ்வோர் உயிரினத்துக்கும் பேரினப் பெயர், சிற்றினப் பெயர் என்ற இரண்டு சொற்களால் பெயரிடும் முறையை நிலைநாட்டியபின், உலகின் எந்த மூலையில் கிடைத்த செடியையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிட முடிந்தது. அவ்வரிசையை நிரப்பத் தொலைநாட்டுச் சேகரிப்பாளர் தேவைப்பட்டனர். மாரியம்மனைப் பற்றி எழுதினால் ஹாலேயில் ஐயம் எழும். மீனைப் பற்றி எழுதினால் எழாது. படைப்பின் வியப்பைப் போற்றுவது பக்திக்கு உகந்ததென்று கருதப்பட்டதால் சமயப் பணியாளரின் ஆராய்ச்சி வேட்கை இயற்கையின் பக்கம் தடையின்றிப் பாய்ந்தது.

இந்த மாற்றத்தின் தலைமகன் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். பால்டிக் கடலோரத்தின் லிவோனியாவில் 1728இல் பிறந்து, லின்னேயஸிடம் பயின்று, 1765இல் ஐஸ்லாந்தின் செடிகளை ஆராய்ந்து, 1768இல் சமயப் பணியகத்தின் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர். பனிநாட்டில் அவர் கண்ட விரலளவுச் செடி ஒன்றுக்கு லின்னேயஸ் ‘கோனிகியா’ என்று பெயரிட்டார். தமிழ்நாட்டிலிருந்து அவர் அனுப்பியவற்றுள் கறிவேப்பிலையும் இருந்தது. அதற்கு லின்னேயஸ் 1771இல் ‘பெர்கெரா கோனிகி’ என்று பெயர் சூட்டினார். பின்னர் வேறொரு பேரினத்தில் சேர்க்கப்பட்டு, ‘முர்ராயா கோனிகி’ என்று பாடநூல்களில் இடம்பெற்ற அச்செடியை அண்மைக் கால ஆய்வுகள் மீண்டும் பழைய பேரினத்திலேயே வைத்துள்ளன. துருவத்தை ஒட்டிய குளிர்நிலத்தின் சிறுசெடியும் தமிழரின் தாளிப்பில் வெடிக்கும் இலையும் ஒரே மனிதரின் பெயரைத் தாங்கி நிற்பது லின்னேயஸின் மாணவர் வட்டம் எவ்வளவு தொலைவு பரவியிருந்தது என்பதற்குச் சான்று.

கோனிக்கின் எழுத்துகளுள் தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானது, 1779இல் பெர்லின் இயற்கை ஆய்வு நண்பர்கள் கழகத்தின் வெளியீட்டில் வந்த கறையானைப் பற்றிய கட்டுரை. 1773இல் தோன்றிய அக்கழகம் அரசுப் பட்டயம் பெற்ற பேரவையன்று. ஆர்வலர் சிலர் உறுப்பினர் இல்லங்களில் கூடி, தொலைவிலிருந்து வந்த கடிதங்களைப் படித்து, பெட்டிகளைத் திறந்து பார்த்து விவாதித்த தனியார் அவை. கறையான் புற்றின் அமைப்பையும் அதில் வாழும் பல்வகைக் கறையான்களையும் விளக்கிய கோனிக், மழைக்காலத்துக்கு முன் ஈசல் பிடிக்கும் முறையையும் அக்கட்டுரையில் பதிவு செய்தார். காற்று வரும் பக்கமும் காற்று போகும் பக்கமும் புற்றில் இரண்டு துளைகள் இட்டு, காற்று போகும் பக்கத்துத் துளையில் பானையின் வாயைப் பொருத்தி, மறுபக்கத்தில் நாற்றமெடுக்கும் பொருள்களைக் கொளுத்திப் புகைமூட்டினால் ஈசல்கள் பானைக்குள் வந்து விழும். பானையின் உட்புறத்தில் முன்கூட்டியே கறிவேப்பிலையைத் தேய்த்து வைப்பர். சில வேளைகளில் புற்றிலிருக்கும் நல்லபாம்பும் ஈசலோடு பானைக்குள் புகுந்துவிடும் என்பதால் அதை எடுப்பவர் எச்சரிக்கையாக இருப்பர். அவ்வாறு பிடித்த ஈசலை மாவோடு சேர்த்துப் பண்டமாக்கி ஏழை மக்களுக்கு மலிவாக விற்றனர் என்றும், முதியோர் முதுகுவலுப் பெறக் கறையான் அரசியை உயிரோடு உண்ணக் கொடுத்தனர் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றி 1781இல் லண்டன் அரச கழகத்தில் எழுதிய ஹென்றி ஸ்மீத்மன் இச்செய்தியை எடுத்தாண்டதால் அது ஆங்கில நூல்களிலும் பரவியது.

பூச்சியின் வாழ்க்கை, செடியின் மணம், காற்றின் திசை, ஏழையின் உணவு ஆகிய நான்கும் ஒரே பத்தியில் பிணைந்து நிற்கும் இக்குறிப்பு, இயற்கையறிவையும் மக்களறிவையும் பிரிக்காமல் எழுதினால் எத்தகைய ஆய்வு பிறக்கும் என்பதைக் காட்டுகிறது. ஆனால் இத்தகைய பத்திகள் குறைவு. ஐரோப்பிய வகைப்பாட்டாளர்கள் கேட்டவை இதழ்களின் எண்ணிக்கை, இலையின் வடிவம், துடுப்பின் முட்கள் ஆகியவையே. செடியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள், யார் பறிக்கிறார்கள், எப்போது பறிக்கிறார்கள் என்ற குறிப்புகள் கப்பல் ஏறினாலும் அச்சேறும்போது உதிர்ந்துபோயின.

சமயப் பணியகம் அளித்த ஊதியம் ஆய்வுப் பயணங்களுக்குப் போதாமையால் கோனிக் 1774இல் ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். 1778இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமத்தின் பணிக்கு மாறினார். சயாமுக்கும் மலாக்காவுக்கும் சென்று, இலங்கையிலும் செடிகளைத் திரட்டி, 1785இல் ஆந்திரக் கடற்கரையில் காக்கிநாடாவை அடுத்த ஊரில் மறைந்தார். தம் கையெழுத்துப் படிகளை லண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு விட்டுச் சென்றார். அவருடைய இஞ்சிக் குடும்பச் செடிகளின் விளக்கங்களைச் சுவீடனின் லுண்ட் நகரப் பேராசிரியர் ரெட்சியஸ் தம் நூலில் வெளியிட்டார். அவர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றுக்கு லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபப்ரிசியஸ் பெயரிட்டார். அருகிலிருந்த சாமல்கோட்டையில் ஆங்கிலக் குழுமத்தின் மருத்துவராகப் பணியாற்றிய வில்லியம் ராக்ஸ்பர்க் கோனிக்கிடம் பெற்ற தூண்டுதல், பின்னாளில் 300 வண்ணப்படங்களோடு வெளிவந்த ‘சோழமண்டலக் கரையின் செடிகள்’ என்ற பெருநூலாக விளைந்தது. அப்படங்களை வரைந்தவர்களும் பெயர் பொறிக்கப்படாத இந்திய ஓவியர்களே.

கோனிக்கைச் சுற்றி உருவான ஆய்வாளர் வட்டம் தாவரவியல் வரலாற்றில் ‘ஒன்றிணைந்த சகோதரர்’ என்று வழங்கப்படுகிறது. கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், யோஹான் பீட்டர் ராட்லர், தரங்கம்பாடியிலேயே பிறந்து கோபன்ஹேகனில் மருத்துவம் பயின்று திரும்பிய யோஹான் காட்ஃபிரிட் கிளைன், மொரேவியத் திருச்சபையின் வழியாக வந்த பெஞ்சமின் ஹைனே ஆகியோர் அதன் முதன்மை உறுப்பினர். ஒருவர் கண்டெடுத்த செடியின் பல கிளைகளை உலர்த்தித் தாளில் ஒட்டி ஏனையோருக்குப் பகிர்ந்தளிப்பதும், அதற்குரிய பெயரைக் கலந்து பேசி முடிவு செய்து, பெயரின் பின் ‘எங்களால்’ என்று பொருள்படும் ‘நோபிஸ்’ என்ற இலத்தீன் சொல்லை எழுதுவதும் அவர்களது வழக்கம். கண்டவர் தம் பெயரை நிலைநாட்டப் போட்டியிட்ட காலத்தில், கண்டுபிடிப்பைக் கூட்டுச் செயலாக அறிவித்த அந்தச் சொல் இவ்வட்டத்தின் பெருந்தன்மைக்கு அடையாளம். அதனால் சிக்கலும் விளைந்தது: தாளில் எழுதிய பெயர்கள் அச்சேறாமலே பெர்லின், கோபன்ஹேகன், லண்டன் என்று பல இடங்களுக்குச் சென்றதால், ஒரே செடி பல பெயர்களில் பதிவாயிற்று. 1834இல் ராபர்ட் வைட்டும் வாக்கர் ஆர்னட்டும் தென்னிந்தியச் செடிகளைத் தொகுத்து நூலெழுதியபோது அச்சிக்கலை அவிழ்ப்பதற்கே பெரும் உழைப்பைச் செலவிட வேண்டியதாயிற்று.

1771இல் வந்த ஜான் கடலின் பக்கம் திரும்பியவர். தரங்கம்பாடிக் கரையில் வலையில் விழுந்த மீன்களைப் பெர்லினிலிருந்த மார்கஸ் எலீசர் புளோக் என்ற மருத்துவருக்கு அவர் இடைவிடாமல் அனுப்பினார். உலகின் மீன்கள் அனைத்தையும் வண்ணப்படங்களோடு விளக்க முனைந்து, 1782 முதல் 1795 வரை 432 படத்தகடுகளுடன் புளோக் வெளியிட்ட பெருநூலில் சோழமண்டலக் கரையின் மீன்கள் இத்துணை இடம்பெற்றதற்கு ஜானே காரணம். தமிழ் மீனவர் கத்தாளை என்றழைக்கும் மீன்வகையின் பேரினத்துக்கு ‘ஜோனியஸ்’ என்று பெயரிட்ட புளோக், கருத்த கத்தாளையின் சிற்றினப் பெயரை ‘கருட்டா’ என்று மீனவர் வழக்கிலிருந்தே எடுத்துக்கொண்டார். நன்னீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகங்களில் வளரும் மீன் ஒன்றும், ஊர்மக்கள் இருதலை மணியன் என்று தவறாக அஞ்சும் மண்ணுளிப் பாம்பும் ஜானின் பெயரைச் சிற்றினப் பெயராகத் தாங்குகின்றன. பாம்புக்குப் பெயரிட்டவர், சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி நூலெழுதிய பாட்ரிக் ரஸ்ஸல்.

இவ்வட்டத்தின் செய்திகளுள் ஐரோப்பாவை மிகுதியும் வியக்கவைத்தது பனையேறிக் கெண்டையைப் பற்றியது. தரங்கம்பாடியில் இருந்த டேனியப் படை அலுவலர் டால்டார்ஃப், 1791இல் ஒரு குளத்தருகே பனையின் பட்டையில் ஏறத்தாழ ஐந்தடி உயரத்தில் இம்மீன் தொற்றி மேலேறுவதைக் கண்டதாக எழுதியது, 1797இல் லண்டன் லின்னேயக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. ஜானும் அதற்கு இசைவாகவே எழுதியிருந்தார். நீரில் வாழும் உயிரி மரமேறுவதா என்ற ஐயம் அங்கே நெடுங்காலம் நீடித்தது. செவுளுக்கு மேலேயுள்ள மடிப்பு நிறைந்த உறுப்பால் இம்மீன் காற்றைச் சுவாசிக்கும். முள்விளிம்புடைய செவுள்மூடியை நிலத்தில் ஊன்றி ஈரத்தரையில் நெடுந்தொலைவு நகரும். இவை பின்னர் ஐயமின்றி நிறுவப்பட்டன. மரத்தின் மேல் காணப்பட்ட மீன்கள் காகமோ பருந்தோ தூக்கிச்சென்று தவறவிட்டவையாக இருக்கலாம் என்ற விளக்கமும் இருபதாம் நூற்றாண்டில் கூறப்பட்டது. மழை பெய்ததும் வரப்பேறி வயலுக்கு வயல் செல்லும் மீனை நாள்தோறும் பார்த்த காவிரிப் படுகை உழவர், அதற்குப் பெயரும் வைத்து, கையாளும் வழியும் அறிந்திருந்தனர். ஐரோப்பாவின் விவாதத்துக்கு அவர்களுடைய சொல் ஒரு சான்றாகக் கொள்ளப்படவில்லை.

1776இல் வந்த ராட்லர் இவ்வட்டத்தில் மிக நெடுங்காலம் வாழ்ந்தவர். இலங்கைக்கும் சென்று செடிகளைத் திரட்டிய அவர், 1799-1800இல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்பிய பயணத்தில் ஒவ்வோர் ஊரிலும் கண்ட செடிகளை ஊர்வாரியாக எழுதினார். அக்குறிப்பு 1803இல் அதே பெர்லின் கழகத்தின் வெளியீட்டில், தாவரவியலாளர் வில்டெனோவின் விளக்கங்களோடு வந்தது. செடிகளைக் குடும்பவாரியாகப் பிரிக்காமல் நடந்த வழியின் முறையில் எழுதப்பட்டதால், இருநூறு ஆண்டுகளுக்கு முன் வடதமிழகக் கடற்கரையின் எந்த ஊரில் எது முளைத்திருந்தது என்பதற்கு அதுபோன்ற நேர்ச்சான்று வேறு கிடைப்பது கடினம். பழத்தின் செந்தூளால் பட்டுக்குச் சாயமேற்றப் பயன்பட்ட கபிலப்பொடி மரத்தின் பேரினம் சில காலம் ராட்லரின் பெயரால் ‘ராட்லெரா’ என்று வழங்கியது. அதற்கு முன்பே வைக்கப்பட்ட ‘மல்லோட்டஸ்’ என்ற பெயரே விதிப்படி நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை வேப்பேரிக்குக் குடிபெயர்ந்த அவர், முதுமையில் தமிழ்-ஆங்கில அகராதி தொகுப்பதில் தம் உழைப்பைச் செலுத்தினார். அதன் முதற்பகுதி 1834இல் வெளிவந்தது. 1836இல் அவர் மறைந்தபின், வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் எஞ்சியதைத் திருத்தி 1841இல் முடித்தனர். செடிகளுக்குப் பெயர் தேடியவர் சொற்களுக்குப் பொருள் தேடுவதில் வாழ்வை முடித்ததில், சீகன்பால்க் காலத்தில் ஒன்றாயிருந்து பின்னர் பிரிந்த இரு துறைகளும் ஒரு மனிதரிடத்தில் மீண்டும் சேர்ந்தன.

ஆளுநர் பீட்டர் ஆங்கரின் காலத்தில், 1788இல், தரங்கம்பாடிக் கழகம் என்ற பெயரில் ஓர் ஆய்வுச் சங்கமும் அவ்வூரிலேயே தோன்றியது. ஆனால் காலம் அதற்கு உகந்ததாக இல்லை. ஐரோப்பியப் போர்களின் விளைவாக ஆங்கிலேயர் 1801இல் சிறிது காலமும், 1808 முதல் 1815 வரையும் தரங்கம்பாடியைக் கைப்பற்றி வைத்திருந்தனர். கோபன்ஹேகனுக்கும் ஹாலேக்கும் செல்லும் கப்பல்கள் நின்றன. ஹாலேயிலும் சமயப் பணியின் மீதான பழைய ஆர்வம் தளர்ந்திருந்தது. ஜான் 1813இலும், ஹைனே 1819இலும், கிளைன் 1821இலும் மறைந்தனர். 1845இல் டென்மார்க் அவ்வூரை ஆங்கிலக் குழுமத்துக்கு விற்றுவிட்டது. அதற்கு முன்பே ஆய்வின் மையம் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் நகர்ந்து, கூட்டாகப் பெயரிட்ட சகோதரர் வட்டத்தின் இடத்தில் ஊதியம் பெறும் அரசுத் தாவரவியலாளரின் பணி வந்துவிட்டது.

திரட்டியவை அனைத்தும் வெளிநாட்டில் தங்கின. புளோக்கின் மீன்கள் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. ராட்லரின் உலர்செடிகள் லண்டன் கிங்ஸ் கல்லூரி வழியாகக் கியூ தாவரவியல் பூங்காவை அடைந்தன. ஒரு சிற்றினத்தின் பெயர் எந்தப் பொருளை முன்வைத்து இடப்பட்டதோ அப்பொருளை ‘மூலமாதிரி’ என்பர். பெயரில் ஐயம் எழும்போதெல்லாம் அதையே சென்று பார்த்தாக வேண்டும். தமிழகத்தின் மிகப் பொதுவான செடிகள், மீன்கள் பலவற்றின் மூலமாதிரிகள் ஐரோப்பிய நகரங்களில் இருப்பதால், இங்குள்ள ஆய்வாளர் தம் ஊர்க்குளத்து மீனின் பெயரை உறுதிசெய்யக் கடல்கடக்க வேண்டிய நிலை தலைமுறைகளாக நீடித்தது. அண்மை ஆண்டுகளில் பெர்லினும் கியூவும் ஹாலேயும் தம் சேகரிப்புகளின் படங்களை இணையத்தில் வைத்துவருவது இந்நிலையைத் தளர்த்தத் தொடங்கியிருக்கிறது.

திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்தை நடத்தி, தமிழகச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிய பெருநூலை எழுதிய அருள்தந்தை கே. எம். மாத்யூ, ராட்லரின் பயணக் குறிப்பை ஜெர்மனிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் ஆங்கிலமாக்கி, விளக்கக் குறிப்புகளும் நிலப்படமும் சேர்த்து 1993இல் லண்டன் லின்னேயக் கழகத்தின் தாவரவியல் ஆய்விதழில் வெளியிட்டார். ராட்லர் கண்ட செடிகளை அதே மண்ணில் தாமே திரட்டி உலர்த்தியவர் என்பதால் அவரால் அதைச் செய்ய முடிந்தது. சீகன்பால்க்கின் சுவடிப் பட்டியலை வில் ஸ்வீட்மன், ஆர். இலக்குவனின் துணையோடு ஆராய்ந்து, ஒவ்வொரு சுவடியும் எந்த நூல் என்பதை அடையாளம் காட்டி 2012இல் பதிப்பித்திருக்கிறார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வரிசையில் வந்த அப்பதிப்பின் முகப்பில் தமிழ் அறிஞரின் பெயரும் அச்சாகியுள்ளது.